பழைய கணினியும் புதிய கணினியும் ஒரே நெட்வேர்க்கில் ஃபைல் பகிராதபோது: கொழும்புக் கடைகளிலும் கந்தோர்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆமர் வீதி அச்சகம், செட்டியார் தெரு நகைக்கடை, வெள்ளவத்தையில் இரண்டு அறை எடுத்து நடக்கும் கணக்காளர் கந்தோர் என்று நான் வேலைக்குப் போகும் இடங்களில் ஒரு மூலையில் பழைய கணினி ஒன்று நிச்சயம் இருக்கும். அதில்தான் பழைய பில் புரோகிராம் ஓடும், அல்லது அதில் மட்டுமே பொருந்தும் மெஷின் ஒன்று மாட்டியிருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை ஏறியபோது, மாற்ற நினைத்திருந்த பலரும் அந்த எண்ணத்தைத் தள்ளிவைத்தார்கள். இப்போது பக்கத்து மேசைக்குப் புதிய விண்டோஸ் 11 வருகிறது. இரண்டும் பேசிக்கொள்வதில்லை.

அப்படி வரும் அழைப்புகளில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருப்பதில்லை. புதிய கணினி தெரிந்தேதான் மறுக்கிறது. அது எதை மறுக்கிறது என்று பார்க்காமல் எல்லாப் பாதுகாப்பையும் கழற்றிவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். கீழே உள்ளவை கடைக்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை.

நேற்று வரைக்கும் எல்லாம் ஓடினது. புதுக் கொம்பியூட்டரை வைத்ததும் பழையதுக்குள்ள போக முடியவில்லை. எது பழுது?

அநேகமாக எதுவும் பழுதில்லை. விண்டோஸ் கணினிகள் ஃபைல் பரிமாறப் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் முதல் பதிப்பு 1980களில் உருவானது. விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்தது, விண்டோஸ் 7 அதைச் சற்று மேம்படுத்தியது, விண்டோஸ் 8இல் மூன்றாம் பதிப்பு வந்தது. விண்டோஸ் 10உம் 11உம் பேசுவது 3.1.1.

இரண்டு கணினிகள் சந்திக்கும்போது இருவருக்கும் தெரிந்த மிக உயர்ந்த பதிப்பைத் தேர்ந்துகொள்ளும். பொதுவான பதிப்பே இல்லையென்றால் பேச்சு இல்லை. 2017 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசொஃப்ட் முதல் பதிப்பைப் படிப்படியாக அகற்றிவிட்டது. இன்று வாங்கும் கணினிக்கும் எக்ஸ்பிக்கும் பொதுமொழி கிடையாது. 80070035 என்று முடியும் எண்ணோடு ‘நெட்வேர்க் பாதை கிடைக்கவில்லை’ என்று வந்தாலோ, 80004005 என்று வந்தாலோ, முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

எங்களிடம் இருப்பது விண்டோஸ் 7. வீடியோ ஒன்றில் எஸ்எம்பி 1ஐப் போடச் சொன்னார்கள். போடட்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 7க்கு எஸ்எம்பி 2.1 தெரியும், விண்டோஸ் 11க்கும் அது தெரியும். 7ஐயும் 11ஐயும் சேர்க்க எஸ்எம்பி 1 ஒருபோதும் தேவையில்லை. அதைப் போட்டதும் வேலை செய்தது என்று யாராவது சொன்னால், அதே நேரத்தில் வேறெதையோ மாற்றியிருப்பார்கள். 7இல் நான் காணும் சிக்கல் பெரும்பாலும் பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்டது. அல்லது முன்பு ஹோம்குரூப் வைத்து இணைத்திருப்பார்கள். 2018இல் விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்த வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. ஃபோல்டரைச் சாதாரண முறையில் புதிதாக ஷெயர் செய்தால் சரி.

அப்படியென்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வயரிலிருந்து மேலே வாருங்கள். நெட்வேர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள முகவரிதான் ஐபி இலக்கம். பழைய கணினியின் அந்த இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். புதியதன் இலக்கத்தையும் பாருங்கள். ஒன்று 192.168.1.20 என்றும் மற்றது 192.168.0.15 என்றும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு நெட்வேர்க்கில் இருக்கின்றன. எங்கள் ஊரில் இது அடிக்கடி நடக்கும். இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த ரவுட்டர் முன்கடையில் இருக்கும். மேல்மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை வாங்கி அதன் வான் துளையில் (இன்டர்நெட் வயருக்கான துளை) வயரைச் செருகியிருப்பார்கள். அது தனக்கென ஒரு நெட்வேர்க்கை உண்டாக்கிவிடும். அந்த இரண்டாவது பெட்டியை அக்சஸ் பொயின்ட் நிலைக்கு, அதாவது வைஃபையை மட்டும் நீட்டும் நிலைக்கு, மாற்றினால் எல்லாரும் ஒரே நெட்வேர்க்குக்கு வந்துவிடுவார்கள். ஒரு கணினி விருந்தாளி வைஃபையில் இருந்தாலும் இதே கதைதான். விருந்தாளி வைஃபை மற்றக் கணினிகளைப் பார்க்கவிடாது.

இலக்கங்கள் ஒரே வரிசையில் இருந்தால், புதியதிலிருந்து பழையதைப் பிங் செய்து, அதாவது ‘இருக்கிறாயா’ என்று ஒரு சிறு செய்தி அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால் வயர் நல்லது. வராவிட்டாலும் உடனே வயரைக் குற்றம் சொல்ல வேண்டாம், பழையதன் ஃபயர்வோல் பதிலைத் தடுத்திருக்கலாம். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு இலக்கத்தை அடியுங்கள்: \\192.168.1.20. திறந்தால் பெயரில்தான் பிரச்சினை, பகிர்வில் இல்லை.

அடுத்தது புதிய கணினியில் நெட்வேர்க் வகை. முதல்தடவை இணைக்கும்போது விண்டோஸ் 11 அதைப் பொது நெட்வேர்க் என்று எடுத்துக்கொள்ளும். பொது என்றால் மற்றவர்களுக்குக் கதவு மூடியிருக்கும். கடைக்குள் உள்ள நெட்வேர்க் என்றால் தனியார் என்று மாற்றி, ஃபைல் பகிர்வை இயக்குங்கள். ஃபயர்வோலை முழுதாக நிறுத்த வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை வந்ததில்லை. ஃபைல் பகிர்வுக்குத் தேவையானது 445ஆம் போர்ட் (இலக்கமிட்ட வாசல்), பழைய கணினிகளுக்கு 139உம். தனியார் என்று மாற்றிப் பகிர்வை இயக்கினால் விண்டோஸே அவற்றைத் திறந்துவிடும். வேறு நிறுவன அன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கும் சொந்த ஃபயர்வோல் இருக்கும். அதில் தனியாகப் பார்க்க வேண்டும்.

இலக்கம் அடித்தால் திறக்குது. ஆனால் நெட்வேர்க் ஜன்னலில் பழைய கணினி தெரியவே இல்லையே?

முன்பு ஒரு கணினி எல்லாருடைய பெயர்களையும் சேர்த்து ஒரு பட்டியல் வைத்திருந்து கேட்பவர்களுக்குக் கொடுக்கும். அந்த முறை எஸ்எம்பி 1ஓடு சேர்ந்தது, அதோடு போய்விட்டது. புதிய கணினிகள் வேறு முறையில் தங்களை அறிவித்துக்கொள்ளும், எக்ஸ்பிக்கு அந்த முறை தெரியாது. ஆகவே தெரியாதது பழுது இல்லை. இலக்கத்தை வைத்து அந்த ஷெயரை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிடுங்கள், உங்கள் கணினியின் சொந்த டிரைவ் போலவே திறக்கும்.

இரண்டு புதிய கணினிகளே ஒன்றையொன்று காட்டவில்லை என்றால், சேர்விசஸ் பட்டியலில் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்பது ஓடுகிறதா என்று பாருங்கள். தானாகத் தொடங்கும்படி வையுங்கள்.

கரண்ட் போய் வந்தால் மேப் செய்த டிரைவ் வேலை செய்வதில்லை.

ரவுட்டர் திரும்ப எழும்பும்போது பழைய கணினிக்கு வேறு இலக்கம் கொடுத்திருக்கும். ஃபைல் இருக்கும் கணினிக்கு ரவுட்டருக்குள்ளேயே ஓர் இலக்கத்தை ஒதுக்கி வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

எந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் பிழை என்கிறது. சரியான பாஸ்வேர்டுதான், சத்தியமாக.

நம்புகிறேன். ஆனால் எந்தக் கணினியின் பாஸ்வேர்ட் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஃபைல் எந்தக் கணினியில் இருக்கிறதோ அதன் யூசர் பெயரும் பாஸ்வேர்டும்தான் வேண்டும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியுடையது அல்ல. யூசர் பெயருக்கு முன்னால் அந்தக் கணினியின் பெயரையும் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்து அடியுங்கள். அப்போது எந்த வீட்டு ஆள் என்பதில் குழப்பம் வராது.

இரண்டாவது, காலையில் கணினியைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்க பின். அது அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. நெட்வேர்க் வழியாக ஒருபோதும் செல்லாது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்த மின்னஞ்சல் கணக்கின் முழுப் பாஸ்வேர்ட் வேண்டும், அதைப் பெரும்பாலானோர் மறந்திருப்பார்கள்.

மூன்றாவது, பாஸ்வேர்டே வைக்காத யூசர். பழைய கடைக் கணினிகளில் இது சாதாரணம். வெற்றுப் பாஸ்வேர்ட் உள்ள யூசரை விண்டோஸ் நேரில் வந்தால் மட்டும் ஏற்கும், நெட்வேர்க் வழியாக ஏற்காது.

இந்த மூன்றுக்கும் சேர்த்து நான் செய்வது ஒன்றுதான். ஃபைல் இருக்கும் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் யூசரை உண்டாக்கி, நல்ல பாஸ்வேர்ட் வைத்து, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுப்பேன். நிர்வாக அதிகாரம் கொடுக்க மாட்டேன். யார் வேலையை விட்டுப் போனாலும் யார் தன் பாஸ்வேர்டை மாற்றினாலும் பகிர்வு குழம்பாது.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுத்தால், கன்ட்ரோல் பெனலில் கிரெடன்ஷியல் மனேஜரைத் திறந்து அந்தக் கணினிக்கான பழைய பதிவை அழியுங்கள். எப்போதோ சேமித்த பிழையான பாஸ்வேர்டை விண்டோஸ் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே கணினிக்கு இரண்டு யூசர் பெயரில் நுழைய முடியாது என்று 1219ஆம் பிழை வந்தால், மேப் செய்த டிரைவ்களை எல்லாம் துண்டித்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

அப்டேட் வந்த பிறகு ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தாளி அணுகலைத் தடுக்கிறது’ என்கிறது. எங்கட கடையில் அப்படி ஒரு கொள்கையும் இல்லையே?

யாரும் போடவில்லை. அது விண்டோஸின் சொந்த அமைப்பு. பாஸ்வேர்ட் இல்லாமல் எல்லாருக்கும் திறந்த ஷெயருக்குள் போவதை விருந்தாளி அணுகல் என்கிறார்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, புரோ வகைக் கணினிகளிலும் அதை மூடிவிட்டது. அதோடு, ஒவ்வொரு செய்தியிலும், அது வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் கையொப்பம் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. விருந்தாளிக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. பாஸ்வேர்ட் இல்லாமல் கையொப்பம் இட முடியாது. ஆகவே பழைய நெட்வேர்க் ஹார்ட் டிஸ்க் பெட்டிகளும், ரவுட்டரில் செருகிய பென் டிரைவும் ஒரே நாளில் நின்றுபோயின.

இந்த இரண்டு அமைப்புகளையும் நிறுத்திவிட வழி உண்டு. அதைச் செய்வதற்கு முன் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒரு யூசரும் பாஸ்வேர்டும் உண்டாக்குங்கள். ஃபேர்ம்வெயார் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போடுங்கள், எஸ்எம்பி 2 அல்லது 3 என்று தெரிவு இருந்தால் இயக்குங்கள். பல பெட்டிகள் அதிலேயே சரியாகிவிடும். கையொப்பம் இடவே தெரியாத பெட்டியை மாற்றத்தான் வேண்டும். வாடிக்கையாளரின் நகைச்சீட்டுக் கணக்கு அதற்குள் இருக்கிறதல்லவா?

எக்ஸ்பி கணினியை மாற்ற வழியே இல்லை. அதில்தான் எங்கட மெஷின் ஓடுது. என்ன செய்ய?

இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு முடிந்தது. எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாக 2017 மே 12ஆம் திகதி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வன்னாக்கிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்னதாகவே வெளியாகியிருந்தது, போடாத கணினிகள் மாட்டிக்கொண்டன. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லாமல் ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்கு அது தானாகத் தாவியது. இதனால்தான் புதிய கணினியில் அந்தப் பழைய கதவைத் திறந்துவிட நான் தயங்குகிறேன். ஒரு கணினிக்காகத் திறக்கும் கதவு நெட்வேர்க்கில் உள்ள எல்லாருக்கும் திறக்கும்.

முதலில், எக்ஸ்பியை இன்டர்நெட்டிலிருந்து வெட்டுங்கள். அதற்கு நிலையான ஐபி இலக்கம் கொடுத்து, வெளியே போகும் வழியைக் குறிக்கும் டிஃபோல்ட் கேட்வே என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். கடைக்குள் உள்ள கணினிகளோடு பேசும், வெளியே போகத் தெரியாது. காசு செலவில்லை.

பிறகு ஃபைலை எப்படிக் கடத்துவது? ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சிறிய ஃபைல் என்றால் பென் டிரைவே போதும், ஒவ்வொரு தடவையும் புதிய கணினியில் ஸ்கேன் செய்தபின் திறக்க வேண்டும். ஃபாட்32 முறையில் ஃபோமட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது என்பதை அச்சகக்காரர்கள் நினைவில் வைத்திருங்கள்.

அடிக்கடி போய்வர வேண்டும் என்றால், புதிய கணினியில் எஃப்டிபி (ஃபைல் கடத்தும் இன்னொரு பழைய முறை) சேர்வர் ஒன்றைப் போட்டு, ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் அதில் காட்டுங்கள். எக்ஸ்பியின் எக்ஸ்புளோரர் எஃப்டிபியை நேரடியாகவே திறக்கும். பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் வயரில் போகும் என்பதால் கடைக்குள் மட்டும் வையுங்கள், வேறெங்கும் பாவிக்காத பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் ஒரு கணினி வைப்பது. ஒதுக்கிப்போட்ட கோர் 2 காலத்துப் பெட்டி ஒன்று போதும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸும், அதை எஸ்எம்பி பேச வைக்கும் சம்பா என்ற மென்பொருளும் போட்டு, இரண்டு நெட்வேர்க் கார்ட் மாட்டுங்கள். ஒரு பக்கத்தில் எக்ஸ்பி மட்டும், மறுபக்கத்தில் கடையின் மற்றக் கணினிகள். 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து சம்பாவும் எஸ்எம்பி 1ஐ மூடியே தருகிறது, அதில் மட்டும் திறந்துகொள்ள வேண்டும். எக்ஸ்பி தன் மொழியிலேயே ஃபைலை அங்கே போடும், விண்டோஸ் 11 தன் மொழியிலேயே எடுக்கும். ஆமர் வீதியில் ஓர் அச்சகத்தில் பிளேட் எடுக்கும் மெஷினுக்கு இப்படிச் செய்து கொடுத்தேன். அங்கே புதிய கணினிகள் எதிலும் ஒரு பாதுகாப்பு அமைப்பையும் நான் தொடவில்லை.

இவை எதுவும் சரிவராமல் எஸ்எம்பி 1ஐப் புதிய கணினியில் போட்டே ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் அதன் கிளையண்ட் பகுதியை மட்டும் தெரிவுசெய்யுங்கள். சேர்வர் பகுதியைத் தொட வேண்டாம். புதியது போய் எக்ஸ்பியிலிருந்து எடுக்கட்டும், வருகிறவர்களுக்கு அது கதவு திறக்க வேண்டியதில்லை.

அப்படித்தான் போட்டோம். சில கிழமை ஓடிவிட்டுத் தானாக நின்றுவிட்டது.

அதே பட்டியலில் தானாக அகற்றும் பகுதி என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது தெரிவாகியிருந்தால், கணினி ஓடும் நேரத்தில் 15 நாள் எஸ்எம்பி 1ஐப் பாவிக்காமல் விட்டதும் விண்டோஸே அதைக் கழற்றிவிடும்.

பழைய கணினியில் நேரம் பிழையாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இரண்டு விதத்தில். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரி செத்துவிட்டால், கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் திகதி பல வருடம் பின்னால் போகும். நேரத்தையும் சேர்த்துப் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையில், அவ்வளவு விலகல் இருந்தால் சரியான பாஸ்வேர்டும் மறுக்கப்படும். பட்டரியை மாற்றுங்கள்.

மற்றது இலங்கைக்கே உரியது. 1996இல் நம் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். அந்த வருட ஒக்டோபரிலிருந்து கிரீன்விச்சுக்கு 6 மணித்தியாலம் முன்னே இருந்தோம். 2006 ஏப்ரலில் மீண்டும் 5.30க்கு வந்தோம். எக்ஸ்பி வெளியானது 2001இல். ஆகவே அப்டேட் போடாத எக்ஸ்பியில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற நேர வலயம் இன்னும் 6 மணித்தியாலமாகவே இருக்கிறது. கடைக்காரர் கடிகாரத்தைக் கையால் அரை மணி குறைத்திருப்பார், திரையில் நேரம் சரியாகத் தெரியும், உள்ளே அரை மணி பிழை. அங்கே 10 மணிக்குச் சேமித்த ஃபைல் புதிய கணினியில் 9.30 என்று தெரியும். செட்டியார் தெருவில் ஒரு கடையில் பக்கப் எடுக்கும் புரோகிராம் இதனால் புதிய பில் ஃபைலைப் பழையது என்று நினைத்து விட்டுவிட்டது. எக்ஸ்பியில் சென்னை, கொல்கத்தா என்று உள்ள 5.30 வலயத்தைத் தெரிவுசெய்து, பிறகு நேரத்தைச் சரிபாருங்கள்.

ஃபைல் திறக்குது, ஆனால் சேமிக்க விடமாட்டேன் என்கிறது.

அனுமதி இரண்டு இடத்தில் உண்டு: ஷெயரில் ஒன்று, ஃபோல்டரின் செக்கியூரிட்டியில் ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஷெயரில் முழு அனுமதி கொடுத்துவிட்டுச் செக்கியூரிட்டியை மறந்துவிடுவதுதான் வழக்கம்.

ஃபோட்டோகொப்பி மெஷினில் ஸ்கேன் செய்தது கணினிக்கு வருவதில்லை.

பழைய மெஷின்களில் பல எஸ்எம்பி 1 மட்டும் பேசுகின்றன. சேர்விஸ் ஆளிடம் ஃபேர்ம்வெயார் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மெஷினின் அமைப்பில் எஃப்டிபி இருக்கும், அதற்கு மாற்றுங்கள். மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதியும் பலவற்றில் உண்டு.

பதினோராவது ஆள் நுழைய முடியவில்லை. மேப் செய்த டிரைவில் சிவப்புப் புள்ளடியும் வருகிறது.

எக்ஸ்பி புரோ ஒரே நேரத்தில் 10 இணைப்புகளையே ஏற்கும், எக்ஸ்பி ஹோம் 5. விண்டோஸ் 7இலிருந்து 20. சிவப்புப் புள்ளடி வேறு விடயம்: 15 நிமிடம் சும்மா இருந்த இணைப்பை விண்டோஸ் விட்டுவிடும், கிளிக் செய்தால் திரும்ப வரும்.

பெரிய ஃபைல் நகர மிகவும் நேரம் எடுக்குது.

பழைய நெட்வேர்க் கார்ட் அல்லது சுவிட்ச் 100 மெகாபிட் என்றால் செக்கனுக்கு 11, 12 மெகாபைட்தான் வரும். 4 ஜிபி ஃபைலுக்கு ஆறு நிமிடமாவது ஆகும். வயரில் எட்டுக் கம்பியில் ஒன்று விட்டுப்போனாலும் புதிய கணினிகள்கூட 100க்கு இறங்கிவிடும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதிய சுவிட்ச் வாங்கப் போவதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல் எக்ஸ்பியில் கட்டம் கட்டமாகத் தெரியுது. அங்கே அடித்த தமிழ் இங்கே ஆங்கில எழுத்தாகத் தெரியுது.

இரண்டும் நெட்வேர்க்கோடு தொடர்பில்லாதவை. எக்ஸ்பியில் மொழி அமைப்புக்குள் சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவைத் தெரிவுசெய்யாவிட்டால் யுனிகோட் தமிழ் கட்டமாகத்தான் தெரியும். தெரிவுசெய்தால் எக்ஸ்பியின் குறுந்தட்டைக் கேட்கும். மறுபக்கம், அங்கே அடித்தது பாமினியில் இருக்கும். பாமினி யுனிகோட் அல்ல, ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவம் பூசியது. அந்த எழுத்துருவைப் புதிய கணினியில் போட்டால் வாசிக்கலாம். தொடர்ந்து பாவிக்கும் ஆவணமென்றால் யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பகிர்வு சரியாகிவிட்டது. இனிப் பழைய கணினியை அப்படியே விடலாமா?

அதன் ஹார்ட் டிஸ்கின் வயதைப் பாருங்கள். பதினைந்து வருடம் சுழன்ற டிஸ்க் ஒன்று ஒரு காலையில் எழும்பாமல் போனால், மெஷினின் மென்பொருளை மறுபடி போட ஆளும் இருக்காது, தட்டும் இருக்காது. இந்தக் கிழமையே ஒரு ஞாயிறு பார்த்து, முழு டிஸ்கையும் அப்படியே இன்னொரு டிஸ்கில் குளோன் செய்யுங்கள். பழையது அகலமான பட்டை வயரில் மாட்டும் ஐடிஇ வகையாக இருந்தால் அதற்கான மாற்றி ஒன்றும் தேவைப்படும். குளோனைக் கழற்றி அலுமாரியில் வைப்பதற்கு முன், ஒரு தடவை அதே கணினியில் மாட்டி, மெஷின் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.